கோத்தகிரி வண்டிக்கு ஏசி கம்ப்ரசரையே மாற்றச் சொல்கிறார்கள், அவசியமா?

கோத்தகிரிக்காரன்:
வணக்கம். 2014 மாடல் டீசல் கார், பெரும்பாலும் ஊருக்குள்தான் ஓடும். இங்கே ஏசி தேவைப்படாது என்பதால் மாதக்கணக்கில் அந்த பட்டனைத் தொடுவதே இல்லை. போன வாரம் அம்மாவைக் கோவையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது குஞ்சப்பனை தாண்டி வெயில் ஏறியதும் ஏசி போட்டேன், முன்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம், காற்றிலும் பெயருக்குத்தான் குளிர்ச்சி. ஊரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினால் கம்ப்ரசர் (ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) போய்விட்டது, அதை மட்டும் மாற்றிவிட்டுக் கேஸ் ஏற்றினால் போதும் என்கிறார். சின்னச் செலவு இல்லை என்பதால் மாற்றுவதற்கு முன் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். இன்னொன்று, மழை மூட்டம் வந்தால் கண்ணாடி உள்பக்கம் பனித்து ரோடே தெரிவதில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

குன்னூர் டாக்சி:
முதலில் ஒன்று சொல்லுங்க தம்பி. ஏசியை அணைத்த பிறகும் அந்தச் சத்தம் இருக்கிறதா, போட்டால் மட்டும் வருகிறதா? கம்ப்ரசரின் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) எப்போதும் பெல்ட்டோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அணைத்தும் சத்தம் வந்தால் பெரும்பாலும் புல்லி பேரிங்தான், நிறைய வண்டிகளில் கேஸை இறக்காமலே அதை மட்டும் மாற்றிவிடலாம். ஏசி போட்டு, புல்லியைக் கம்ப்ரசரோடு இணைக்கும் கிளட்ச் 'டக்' என்று பிடித்த பிறகுதான் வருகிறது என்றால் கோளாறு உள்ளே. சில புது வண்டிகளில் கிளட்சே இருக்காது, அதில் இந்தச் சோதனை உதவாது. உங்கள் மாடலில் கிளட்ச் இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ளுங்க.
கண்ணாடி விஷயம்: சம்பந்தம் நிறையவே உண்டு. ஏசி குளிர வைப்பதோடு காற்றில் இருக்கும் ஈரத்தையும் எடுத்துவிடும். ஹீட்டரும் ஏசியும் சேர்த்துப் போட்டு காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பினால் சீக்கிரமே தெளிந்துவிடும். மலையில் ஏசி எதற்கு என்று கேட்கிறவர்கள் ஐப்பசி மாதம் ராத்திரியில் கொண்டை ஊசி வளைவில் ஓட்டிப் பார்க்கட்டும்.

கோத்தகிரிக்காரன்:
பார்த்தேன் அண்ணா. அணைத்தால் சத்தம் சுத்தமாக இல்லை, போட்டால் மட்டும்தான். கிளட்சுக்குப் பின்னால் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டிய மாதிரி கறுப்பாக இருக்கிறது.

ஏசி ரிப்பேர், மேட்டுப்பாளையம்:
அப்படியானால் ஷாஃப்ட் சீல் (கம்ப்ரசர் தண்டைச் சுற்றிக் கேஸ் கசியாமல் அடைப்பது) போயிருக்கிறது. மலை வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கம்ப்ரசருக்கு எண்ணெய் கேஸோடு சேர்ந்தேதான் சுற்றும், மாதக்கணக்கில் ஏசி போடாவிட்டால் சீலில் எண்ணெய்ப் படலம் இல்லாமல் காய்ந்து கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், கேஸ் குறைந்தால் எண்ணெயும் திரும்பி வராது, அந்த நிலையில் ஒருநாள் கீழே இறங்கி முழுதாக ஓட விட்டால் உள்ளே உராய்ந்து தேயும். உங்கள் சத்தம் அதுதான் என்று நினைக்கிறேன். கம்ப்ரசர் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் அதை "மட்டும்" மாற்றினால் போதும் என்றாரே, அதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பழையதைக் கழற்றியதும் எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். சுத்தமாக இருந்தால் நல்லது. கறுத்து, மினுமினு என்று உலோகத் தூள் தெரிந்தால் அது கண்டென்சர் (முன்பக்கம் கேஸின் சூட்டை வெளியே விடும் பகுதி) வரைக்கும் போயிருக்கும். இப்போது வருகிற கண்டென்சர்களில் குழாய்கள் அவ்வளவு மெல்லியவை, ஃப்ளஷ் செய்தும் முழுதாக வராது, அதையும் மாற்றாமல் விட்டால் புதுக் கம்ப்ரசரும் அதே தூளைத் தின்று சாகும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங்குகளும் எப்படியும் புதுசு போட வேண்டும், தூள் இருந்தால் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வும் சேர்த்து. எண்ணெய் எது என்று கம்ப்ரசர் லேபிளிலேயே இருக்கும், பிஏஜி 46, 100 என்று. கையில் இருப்பதை ஊற்ற விடாதீர்கள். புதுக் கம்ப்ரசரில் ஏற்கெனவே எண்ணெய் இருக்கும், அதற்கு மேல் ஊற்ற வேண்டுமா, கொஞ்சம் வடிக்க வேண்டுமா என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். மாட்டியதும் எஞ்சின் போடுவதற்கு முன் கையால் பத்துச் சுற்று சுற்றினால் உள்ளே தேங்கிய எண்ணெய் நகர்ந்துவிடும். கசிவை அடைக்கும் டப்பா மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம், அது ஈரம் பட்டால் உள்ளேயே இறுகி அடைப்பாகிவிடும்.

கோத்தகிரிக்காரன்:
ரொம்ப நன்றிங்க. இங்கேயே செய்யலாமா, கீழே கொண்டுவரவா? முன்பு ஒருமுறை இங்கே வேக்கம் போட்டபோது (கேஸ் ஏற்றும் முன் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுப்பது) கேஜ் 24 அங்குலத்துக்கு மேல் போகவில்லை, பம்ப் சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

ஊட்டி கராஜ்:
பம்பைக் குறை சொல்ல வேண்டாம். நம் உயரத்தில் காற்றழுத்தமே குறைவு. கடல் மட்டத்தில் 29, 30 அங்குலம் காட்டும் அதே பம்ப் கோத்தகிரியில் 24, ஊட்டியில் 23 சுமார் வந்ததும் நின்றுவிடும், அதற்கு மேல் இழுக்கக் காற்றே இல்லை. முள் எங்கே நின்றது என்பதை விட, வால்வை மூடிய பிறகு கால் மணி நேரம் அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். குளிரில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக நேரம் எடுக்கும், அதனால் அரை மணி போதாது, ஒரு மணி நேரம் ஓடட்டும்.
கேஸ் விஷயத்திலும் இதே குழப்பம் வரும். காலை 10 டிகிரியில் எஞ்சின் போடாமல் கேஜ் வைத்தால் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் 45, 50 பிஎஸ்ஐ அழுத்தம்தான் காட்டும். அதே வண்டி கீழே 35 டிகிரியில் 110-ஐத் தாண்டும். கேஸ் அளவு மாறவில்லை, சூடுதான் மாறியது. இது தெரியாமல் "குறைவு" என்று ஏற்றி அனுப்பினால் கீழே போனதும் ஹை பிரஷரில் ஏசி கட் ஆகும். பானெட் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கும், இருப்பதை முழுக்க எடுத்துவிட்டு எடைபோட்டுத்தான் ஏற்ற வேண்டும். தராசு வைத்திருக்கும் கடையாகப் பாருங்கள், மேலேயா கீழேயா என்பது அப்புறம்.

ஏசி ரிப்பேர், மேட்டுப்பாளையம்:
ஊட்டிக்காரர் சொன்னது சரி. என் தரப்பில் கீழே செய்வதையே சொல்வேன், வெயிலில் வேக்கம் போட்டால் ஈரம் சீக்கிரம் காயும், முழு லோடில் ஓட்டிப் பார்த்தும் அனுப்பலாம். வரும்போது ஏசி போடாதீர்கள், கம்ப்ரசர் இறுகினால் பெல்ட்டும் அறுந்துபோகலாம், அது ஆல்டர்னேட்டரையும் ஓட்டுகிற பெல்ட்டாக இருந்தால் பாதி வழியில் நிற்க வேண்டிவரும். புதுசு போட்ட பிறகு வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் ஏசி ஓடட்டும், மார்கழியானாலும் சரி, ஹீட்டரோடு சேர்த்து. ரொம்பக் குளிர்ந்த காலையில் கிளட்ச் பிடிக்காது, உள்ளே உறைந்துவிடக் கூடாது என்று சென்சார் தடுப்பது அது, கோளாறு இல்லை. மதியம் போட்டால் போதும்.

கோத்தகிரிக்காரன்:
சரிங்க, வியாழக்கிழமை ஏசி போடாமல் கீழே இறங்குகிறேன். எண்ணெயை வெள்ளைத் துணியில் பார்த்துவிட்டு, கண்டென்சரும் மாற்ற வேண்டுமா என்பதை இங்கேயே போட்டோவோடு கேட்கிறேன்.