அன்னாசியும் பாலும் சேர்த்து அடித்தேன், கசந்துபோனது: உங்கள் ஸ்மூத்தி அனுபவங்களையும் சொல்லுங்கள்

தொடங்கி வைத்தவர்

போன ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. மாலை ஐந்து மணிக்கு எட்டுப் பேர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. இந்த வெக்கையில் வந்தவர்களுக்குக் காபியா கொடுப்பது என்று யோசித்து, பழ ஸ்மூத்தி செய்து வைத்துவிடலாம் என முடிவெடுத்தேன். நன்றாகப் பழுத்த அன்னாசி ஒன்று, வாழைப்பழம் நான்கு, பால் ஒரு லிட்டர், கொஞ்சம் தேன். பகல் ஒரு மணிக்கே அடித்து முடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அமிர்தம். கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

ஐந்து மணிக்கு எடுத்துப் பார்த்தால் குடுவைக்குள் மூன்று அடுக்கு. மேலே ஊறிப்போன பஞ்சு போல நுரை, நடுவில் வெளிறிய கூழ், அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மஞ்சள் தண்ணீர். கலக்கினால் சரியாகிவிடும் என்று கரண்டியை விட்டுக் கலக்கி, டம்ளர்களில் ஊற்றி நீட்டினேன். முதல் வாய் குடித்தவரின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ தவறு என்று தெரிந்துவிட்டது. நானும் குடித்தேன். கசப்பு. பாகற்காய்க் கசப்பில்லை. மாத்திரையை விழுங்காமல் நாக்கிலேயே கரையவிட்டால் அடிநாக்கில் போய் உட்காருமே, அந்தக் கசப்பு. இன்னும் மூன்று கரண்டி தேன் விட்டேன். இனிப்பு ஒரு பக்கமும் கசப்பு ஒரு பக்கமுமாகத் தனித்தனியே நின்றன.

பால் கெட்டிருக்கும் என்றார் அப்பா. அதே பாலில் போட்ட காபியைத்தான் அவர் அப்போது குடித்துக்கொண்டிருந்தார். பழம் அழுகல் என்றாள் தங்கை. மீதமிருந்த துண்டுகளை அவள் எதிரிலேயே தின்று காட்டினேன். தேன் போல இருந்தது. பிறகு என்னதான் நடந்தது? இப்படி யாருக்காவது ஆகியிருக்கிறதா?

பானக் கவுன்டரில் பதினோரு ஆண்டுகள் நின்றவர்

பாலும் கெடவில்லை, பழமும் அழுகவில்லை தம்பி. இரண்டும் நல்லபடியாக இருந்ததால்தான் கசந்தது.

அடுப்பில் ஏற்றாத பச்சை அன்னாசியில் புரோமலைன் என்றொரு நொதி இருக்கிறது. புரதத்தைக் கண்டால் வெட்டிப்போடுவதுதான் அதன் வேலை. ஜெலட்டின் போட்டுச் செய்யும் ஜெல்லியில் பச்சை அன்னாசியைக் கலந்தால் ஜெல்லி உறைவதே இல்லை, காரணம் இதுதான். நீங்கள் பாலை ஊற்றி மூடி வைத்ததும் அது பால் புரதத்தைத் துண்டு துண்டாக்க ஆரம்பித்திருக்கிறது. அப்படி வெட்டுப்பட்ட துண்டுகளில் சில கசக்கும். அடித்த கையோடு குடித்தால் தெரியாது. உங்களுக்கு ஒரு மணிக்கு அமிர்தமாக இருந்ததும் ஐந்து மணிக்கு மாத்திரையாக மாறியதும் இதனால்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாற்பது டம்ளர் அளவுக்கு இதே கலவையைக் காலையிலேயே அடித்து வைத்தேன். மதியம் மேலாளர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னையே பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசம். மறுநாள் ரொம்பப் புத்திசாலியாக, அன்னாசியை உறைய வைத்துப் பயன்படுத்தினேன். அதுவும் கசந்தது. குளிரில் நொதி தூங்கும், சாகாது. குளிர் விட்டதும் எழுந்து வேலையைத் தொடங்கிவிடும். சூட்டில்தான் சாகும்.

ஆகவே அன்னாசியை நறுக்கி, தண்ணீர் சேர்க்காமல், அதன் சாறு கொதித்துக் குமிழி விடும்வரை சூடாக்கி, இன்னும் ஐந்து நிமிடம் அடுப்பில் வைத்து இறக்குங்கள். ஆறியதும் உறைய வைத்துக்கொள்ளலாம். பச்சைப் பழத்தின் வாசனை கொஞ்சம் குறையும், அது நிஜம். ஆனால் சாறு சுண்டுவதால் இனிப்பு கூடித் தெரியும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. சூடாக்க நேரமில்லையா, அன்னாசியோடு தேங்காய்ப் பால் சேருங்கள். நான் எத்தனையோ முறை செய்தும் அந்தக் கசப்பை அதில் கண்டதில்லை.

பப்பாளியிலும் கிவியிலும் இதே குணமுள்ள நொதிகள் உண்டு. பாலோ தயிரோ சேர்த்தால் காத்திருக்காமல் குடித்துவிட வேண்டும்.

மூன்று பிள்ளைகளின் தாய்

அண்ணன் சொன்ன விஷயம் எனக்குப் புதிது. இத்தனை நாளும் கிவியைத்தான் சபித்துக்கொண்டிருந்தேன். சரியான பழத்தைத்தான் சபித்திருக்கிறேன்.

என் பிரச்சினை ஐஸ். முதலில் எல்லாம் மாம்பழமும் தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டு அடிப்பேன். முதல் இரண்டு வாய் நன்றாக இருக்கும். டம்ளரின் பாதிக்கு வரும்போது மாம்பழம் கழுவிய தண்ணீரைக் குடிப்பது போலிருக்கும். இயற்பியல் படிக்கிற மூத்தவன் ஒருநாள் அதைக் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டான். 30 டிகிரியில் இருக்கும் 200 கிராம் கூழை 5 டிகிரிக்குக் கொண்டுவர, கூழைத் தண்ணீர் போலவே வைத்துக்கொண்டால், 5,000 கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். (சாப்பாட்டுக் கலோரி இல்லை, பயப்படாதீர்கள்.) ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரியை எடுக்கும், உருகிய தண்ணீர் 5 டிகிரிக்கு வர இன்னும் 5. அப்படியென்றால் ஏறக்குறைய 60 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். “அம்மா, நீங்களே 60 மில்லி தண்ணீரை ஊற்றிவிட்டு, சப்பென்று இருக்கிறது என்று எங்களைத் திட்டுகிறீர்கள்” என்றான். படிக்க வைத்ததற்குப் பலன்.

அன்றிலிருந்து பழத்தையே உறைய வைக்கிறேன். மாம்பழத்தைத் தோல் சீவித் துண்டாக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கல் போல ஆனதும் எடுத்துப் பையில் போட்டுக் கட்டிவிடுவேன். நேராகப் பைக்குள் கொட்டி வைத்தால் மொத்தமும் ஒரே பாறையாகிவிடும். அதை உடைக்கப் போய்க் கத்தி நுனி முறிந்தது தனிக் கதை.

இன்னொன்று, வாழைப்பழத்தைத் தோலோடு உறைய வைக்காதீர்கள். ஒரு சீப்பையே அப்படி வைத்தேன். தோல் கறுத்து இரும்பு மாதிரி ஒட்டிக்கொண்டது. உரிக்கவும் முடியவில்லை, உருகவிட்டால் உள்ளே கொழகொழ.

மாடியில் தனியாகக் குடியிருப்பவர்

உறைந்த பழம் என்று எல்லோரும் சொல்கிறீர்களே, என் மிக்சி அதில்தான் உயிரை விட்டது. உறைந்த மாம்பழத்தை ஜார் நிறையப் போட்டு, மேலே கொஞ்சம் பால் ஊற்றி ஓடவிட்டேன். இரண்டு நொடி கடகடவென்று சத்தம், அப்புறம் சத்தமே இல்லாமல் மோட்டார் மட்டும் முனகியது. அடுத்து ஒயர் கருகும் வாசனை. பழுது பார்த்தவர் ஜாரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் கல்லா அரைத்தீர்கள்?” என்று கேட்டார்.

புது மிக்சியில் நிதானமாகப் பழகிக்கொண்டேன். முதலில் பாலோ இளநீரோ கத்தி மூழ்கும் அளவு. அடுத்து மென்மையான பழம். கடைசியில்தான் உறைந்த துண்டுகள், அதுவும் வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைத்த பிறகு. ஜாரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போடுவதில்லை. கத்தியைச் சுற்றிக் காற்றுக் குழி விழுந்தால் சத்தம் திடீரென்று மெலிந்து உயரும்; மேலே பழம் அசையாமல் நிற்கும், கீழே கத்தி வெறுங்காற்றை வெட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்தி, கரண்டியால் கிளறிவிட்டு, விட்டு விட்டு ஓட்டுகிறேன். ரொம்ப நேரம் ஓட்டினால் கலவை சூடேறி, உறைய வைத்ததே வீணாகிவிடும்.

தேங்காய்ப் பால் ரசிகை

நான் பால் ஊற்றுவதே இல்லை, எல்லாவற்றுக்கும் தேங்காய்ப் பால்தான். ஒரு தடவை கெட்டியான முதல் பாலையும் உறைந்த மாம்பழத்தையும் போட்டு அடித்து ஊற்றினேன். டம்ளரின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொட்டுகள். பல்லில் கடித்தால் மெழுகு. திரிந்துவிட்டது என்று கொட்டப் போனேன். பார்த்தால் அது வெறும் கொழுப்பு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடுமே, அதேதான் டம்ளருக்குள்ளும் நடந்திருக்கிறது. இப்போது இரண்டாம் பாலை எடுத்துக்கொள்கிறேன், அல்லது முதல் பாலில் பாதிக்குப் பாதி இளநீர் விடுகிறேன். பொட்டுகள் மறைந்தன. கொஞ்சம் நீர்த்துத்தான் போகிறது, பரவாயில்லை.

பேஷன் ஃப்ரூட் போடுகிறவர்கள் விதையோடு அடித்துவிடாதீர்கள். கறுப்புத் தூளாகிக் கரகரக்கும். சதையை வடிகட்டியில் தேய்த்துச் சாற்றை மட்டும் கடைசியில் கலந்தால் போதும், வாசனை தூக்கிவிடும்.

பயந்துபோனவர்

சிவப்புச் சதை டிராகன் பழம், வாழைப்பழம், எலுமிச்சைச் சாறு. நிறத்துக்காகவே செய்தேன். இரண்டு பெரிய டம்ளர் நான் ஒருவனே குடித்தேன். மறுநாள் காலைக் கழிப்பறையில் சிவப்பைப் பார்த்ததும் கால் நடுங்கிவிட்டது. மனைவியிடம் சொல்லவில்லை. காப்பீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது அவளே வந்து, “நேற்று அந்தப் பழத்தை அவ்வளவு குடித்தீர்களே” என்றாள். பீட்ரூட்டில் இருப்பதே போன்ற பீட்டாசயனின் நிறமியாம். இரண்டு நாளில் தெளிந்தது. பத்திரம் இன்னும் கிடைக்கவில்லை.

டயாலிசிஸ் பிரிவில் பணிபுரியும் செவிலியர்

முந்தைய அனுபவத்தைப் படித்துச் சிரித்தேன் ஐயா. ஆனால் பழம் எதுவும் சாப்பிடாத நாளில் சிவப்பாகப் போனால் பத்திரம் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

என் அனுபவம் சிரிப்புக்குரியதில்லை. சிறுநீரகம் பழுதான ஒருவரை, விக்கல் நிற்கவே இல்லை என்று அழைத்து வந்தார்கள். பேச்சும் தடுமாறியது. என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது, வெயிலுக்கு இதமாக ஸ்டார் ஃப்ரூட்டில் ஸ்மூத்தி போட்டுக் கொடுத்தோம் என்றார்கள். அந்தப் பழத்தில் காரம்பாக்சின் என்ற நரம்பு நச்சு இருக்கிறது, சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஆக்சலேட்டும் அதிகம். நல்ல சிறுநீரகம் நச்சை வெளியேற்றிவிடும். பழுதானவர்களுக்கு அது தங்கி, விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும், உயிருக்கே ஆபத்து. அவருக்கு உடனே டயாலிசிஸ் செய்தார்கள், பிழைத்தார். சிறுநீரக நோயாளி உள்ள வீட்டில் இந்தப் பழம் வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு வாழைப்பழம், இளநீர் கொடுப்பதையும் பொட்டாசியம் கருதி மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

தொடங்கி வைத்தவர் தேன் சேர்த்ததாகச் சொல்லியிருந்தார். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் ஒரு கரண்டிகூடக் கொடுக்காதீர்கள்.

பானக் கவுன்டரில் பதினோரு ஆண்டுகள் நின்றவர்

அந்தச் சகோதரிக்கு நன்றி. நானே பல ஆண்டுகள் ஸ்டார் ஃப்ரூட்டை அழகுக்காக டம்ளர் விளிம்பில் செருகிக் கொடுத்தவன்.

தம்பிக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்புக் குறைவாகத்தான் தெரியும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது அதனால்தான். அடிக்கும் முன்பு சுவைத்துப் பார்த்துச் சர்க்கரையைக் கணக்கிடாதீர்கள். கனிந்த பழமாகப் போட்டால் சர்க்கரையே தேவைப்படாது. இரண்டு சிட்டிகை உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. மந்தமாக இருக்கும் மாம்பழம்கூட எழுந்து உட்காரும்.

தொடங்கி வைத்தவர்

நேற்று மறுபடி செய்தேன். அண்ணன் சொன்னதை நம்பாமல் இல்லை, இருந்தாலும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு விதமாகச் செய்தேன்.

ஒரு பாத்திரத்தில் 150 கிராம் அன்னாசியைக் கொதிக்கவிட்டு இறக்கினேன். ஓரங்கள் கண்ணாடி போலாகி, அடியில் பாகு பதத்தில் சாறு நின்றது. அதை ஆறவைத்து உறைய வைத்தேன். பிறகு ஜாரில் 250 மில்லி பால், ஒரு வாழைப்பழம், 200 கிராம் உறைந்த மாம்பழம், அந்த அன்னாசி, உப்பு. கடைசியில் அரை மூடி எலுமிச்சை. ஐஸ் இல்லை, தேன் இல்லை. கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல் வழிந்து இறங்கும் பதம் வந்தது. இரண்டாவது ஜாரில் எல்லாம் அதே அளவு, அன்னாசி மட்டும் கொதிக்க வைக்காமல் உறைய வைத்தது.

இரண்டிலும் ஒவ்வொரு டம்ளரை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, நான்கு மணி நேரம் கழித்து எடுத்தேன். கொதித்த அன்னாசி சேர்ந்த டம்ளரின் மேலே மெல்லிய நுரை மட்டும், கலக்கியதும் சேர்ந்துகொண்டது. சுவையில் வித்தியாசமே இல்லை. மற்றதை மூடி திறந்ததும் அடியில் அதே மஞ்சள் தண்ணீர். ஒரு வாய் வைத்ததும் அதே மாத்திரை.

கொட்டப் போனேன். அப்பா கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டார். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “அன்றைக்கே சொன்னேன், பால் கெட்டுவிட்டது என்று” என்றார். முழுவதையும் குடித்து முடித்துவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைத்தார்.