எலுமிச்சைப்புல்லை எந்தக் காலத்தில் வெட்டினால் எண்ணெய் நல்லது?

கோப்பாய்த் தோட்டம்:
கிணற்றடி வரம்போடு எலுமிச்சைப்புல் நிறைய நிற்கிறது, எண்ணெய் வடிக்க யோசிக்கிறேன். மார்கழி மழையில் வெட்டின புல்லைக் கசக்கினால் மணம் மெல்லிசு, சித்திரை வெயிலில் அதே பற்றை வெட்டினால் கையை எத்தனை தரம் கழுவினாலும் மணக்கிறது. கிருமியைக் கொல்லும் தன்மையும் இப்படி மாறுமா?

ஆய்வுகூடத் தம்பி:
மாறும் அண்ணை. மணத்துக்கும் கிருமியை அடிப்பதற்கும் முக்கிய காரணம் சிட்ரால், அதாவது ஜெரானியலும் நெராலும் சேர்ந்தது, நல்ல எண்ணெயில் 70 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். எண்ணெயில் உள்ள இன்னொரு பொருளான மைர்சீன் தனியே பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் சிட்ராலோடு சேர்ந்தால் அதன் வேலையைக் கூட்டிவிடும், அதனால் எவ்வளவு எண்ணெய் வடிகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, கலவையையும் பார்க்க வேண்டும். மாரியில் இலை நீர்பிடித்து நிற்கும், கிலோவுக்கு எண்ணெய் குறையும்.

சுன்னாகம் அக்கா:
இலையின் வயதையும் பாருங்கோ. முற்றி நுனி காய்ந்த இலையைவிட இளசில்தான் எண்ணெய் அதிகம். இன்னொன்று, ஸ்டாபிலோகொக்கஸ் போன்ற கிருமிகள் இந்த எண்ணெய்க்கு லேசில் அடங்கும், சூடோமோனாஸ் என்ற கிருமி அடங்காது. எந்த மாதத்து எண்ணெயானாலும் கலக்காமல் காயத்தில் பூச வேண்டாம்.

கோப்பாய்த் தோட்டம்:
சரி அக்கா. மாரி வெட்டையும் கோடை வெட்டையும் தனித்தனிப் போத்தலில் எடுத்து வைக்கிறேன். தம்பி, சிட்ரால் அளக்க எவ்வளவு எண்ணெய் வேண்டும்?