மறு: கேஸ் ஸ்டடி: வழக்காய்வா, நேர்வாய்வா, வேறு ஏதாவதா?

அனைவருக்கும் வணக்கம்.

வணிக வகுப்பில் ஒரு கம்பெனிக்கு வந்த இக்கட்டைத் தாளில் கொடுத்து மாணவர்களை விவாதிக்க வைக்கிறோமே, அந்த ‘கேஸ் ஸ்டடி’க்குத் தமிழில் என்ன சொல் என்று நம் மடற்குழுவில் ஓடுகிற இந்த இழையை நாலு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்று வந்த மடலுக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

> கேஸ் என்றால் வழக்கு. ஸ்டடி என்றால் ஆய்வு. வழக்காய்வு என்று முடித்துவிடலாமே, இதற்கு ஏன் இத்தனை மடல்?

ஐயா, வரலாறு உங்கள் பக்கம்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஹார்வர்டு சட்டப் பள்ளியில் 1870-இல் லாங்டெல் என்பவர் பழைய தீர்ப்புகளைக் கையில் கொடுத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார். 1908-இல் அங்கேயே வணிகப் பள்ளி வந்தது. 1919-இல் அதற்குத் தலைவராக வந்த வாலஸ் டோனம் சட்டம் படித்தவர். தான் படித்த முறையை வணிக வகுப்புக்கும் கொண்டுவந்துவிட்டார். ஆக, வணிகத்தின் கேஸ் கோர்ட்டிலிருந்து வந்த பிள்ளைதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வழக்கு என்றால் தீர்ப்பு உண்டு. வணிக வகுப்பில் கொடுக்கிற தாளில் தீர்ப்பே இருக்காது. தீர்ப்புக்கு முந்தின நாளோடு கதை நின்றுவிடும்.

நான் பி.பி.ஏ. தமிழ்வழி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன். ஒரு தடவை வினாத்தாளில் ‘பின்வரும் வழக்கு ஆய்வைப் படித்து விடையளி’ என்று அச்சாகி வந்தது. முன்வரிசைப் பையன் எழுந்து, “சார், இதில் யார் மேல கேஸ் போட்டிருக்காங்க?” என்றான். அந்தத் தாளில் இருந்தது ஒரு பிஸ்கட் கம்பெனியின் விலை உயர்வு. போதாததற்கு, தமிழில் வழக்கு என்றால் புழக்கம் என்றும் பொருள். பேச்சு வழக்கு, நாட்டார் வழக்காறு என்றெல்லாம் சொல்கிறோம். வழக்காய்வு என்று பலகை மாட்டினால் நாட்டுப்புறவியல் துறை என்று நினைத்து உள்ளே வந்துவிடுவார்கள்.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்ப்போம். இந்த வகுப்புகளில் அடிக்கடி எடுக்கிற டைலனால் கதையையே எடுத்துக்கொள்கிறேன். 1982 செப்டம்பர், சிகாகோ வட்டாரம். டைலனால் என்ற வலி மாத்திரை போட்ட ஏழு பேர் இறந்துபோகிறார்கள். கடையில் இருந்த குப்பிகளுக்குள் யாரோ சயனைடு கலந்துவிட்டார்கள். தவறு ஆலையில் நடக்கவில்லை. இறப்பும் ஒரே வட்டாரத்தில்தான். டைலனாலை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியின் தலைவர் ஜேம்ஸ் பர்க் என்ன செய்ய வேண்டும்? சிகாகோவில் மட்டும் சரக்கை எடுப்பதா, நாடு முழுக்கவா? இந்த இடத்தில் தாளை மூடச் சொல்லிவிட்டு, “இப்போது அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்கிறாய், சொல்” என்று கேட்க வேண்டும். அரை மணி நேரம் சண்டை நடக்கும். அதன் பிறகுதான் அடுத்த தாளைக் கொடுக்க வேண்டும்: சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்ப எடுத்தார்கள், 10 கோடி டாலருக்கு மேல் செலவு.

இதில் ‘ஆய்வு’ எங்கே இருக்கிறது? ஆய்வாளர் வெளியே நின்று பார்ப்பவர். இந்த மாணவனை நாம் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறோம்.

சரி, கேஸுக்கு என் முன்மொழிவு ‘நேர்வு’. இது நான் கண்டுபிடித்த சொல் இல்லை. அரசு ஆணைகளையும் கடிதங்களையும் படித்தவர்களுக்குத் தெரியும்: ‘இந்நேர்வில்’, ‘இத்தகைய நேர்வுகளில்’ என்று வரும். தலைமைச் செயலகக் கோப்பில் புழங்குகிற சொல்லைப் புதிதாக யாரும் பழக வேண்டியதில்லை. இன்னொன்று, ‘நடந்தது’ என்பதற்கும் ‘நேர்ந்தது’ என்பதற்கும் தமிழில் நிறம் வேறு. நேர்ந்தது என்றால் யாரோ ஒருவருக்கு நேர்ந்தது. அதில் ஆள் இருக்கிறார். நமக்கு வேண்டியதும் அதுதான். ‘நிகழ்வு’ என்று சொன்ன நண்பருக்கும் இதுவே பதில். நிகழ்வு இப்போது மேடையும் மைக்கும் வைத்து நடத்துவதாகிவிட்டது.

> எங்கட பக்கம் ‘விடயக் கற்கை’ என்று எழுதுவம். நீங்கள் ஏன் எல்லாத்துக்கும் ஆய்வு ஆய்வு என்று சொல்லுறியள்?

யாழ்ப்பாண நண்பர் இதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று. விடயம் ரொம்பப் பொதுவான சொல், அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கற்கை! படிப்பையே கற்கை என்று சொல்கிறவர்கள் அவர்கள். வகுப்பில் நடப்பது கற்பதுதான் என்றால், நேர்வுக் கற்கை என்று சொல்லிவிட்டுப் போகலாமே. சமூகவியல்காரர்கள் ஓர் ஊரையோ குடும்பத்தையோ எடுத்து ஆராய்வதற்கு நேர்வாய்வு இருக்கட்டும். மாணவர் கையில் கொடுக்கிற தாளுக்கு நேர்வுரை.

அப்புறம், இதே இழையில் வந்த எதிக்கல் டைலமா, அதாவது எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஓர் அறம் தவறுகிற இக்கட்டு. அறச்சிக்கல் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் என்பது நூல் கண்டில் விழுவது, பொறுமையாகப் பிரித்தால் பிரிந்துவிடும். டைலமா பிரியாது. இருதலைக் கொள்ளி எறும்புதான் சரியான படம். அகநானூற்றிலேயே இருக்கிறது, அதுவும் பொருள் தேடப் போவதா, காதலியோடு இருப்பதா என்று தவிக்கும் தலைவன் வாயில்! ஆனால் வினாத்தாளில் எறும்பைப் போட முடியாது. தருமசங்கடம் இருக்கிறது. சொந்தக்காரர் கடன் கேட்டு வாசலில் நின்றால்கூட “தர்மசங்கடமாப் போச்சு” என்கிறோம், அதனால் கொஞ்சம் நீர்த்துப்போன சொல். இருந்தாலும் சொல்லிப் பாருங்கள், விளக்கம் கேட்காமலே எல்லோருக்கும் புரிகிறது. வடசொல் ஆகாதென்றால் அறச்சங்கடம் என்று பாதியை மாற்றலாம். மீதிப் பாதியும் வடசொல்தான் என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். நான் தருமசங்கடத்தையே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-இலேயே கேஸாக எழுதிவிட்டது. பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் கட்டாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை, கண்ணுக்குள் வைக்கிற இறக்குமதி லென்ஸ் விலை தாளவில்லை என்று 1992-இல் சொந்தமாக ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்கூடம். இவ்வளவும் நம் ஊர்ச் சங்கதி. அதை என் மாணவர்களுக்குத் தமிழில் கொடுக்க உட்கார்ந்தபோதுதான் தலைப்பிலேயே முட்டிக்கொண்டேன்.

அடுத்த பருவத்துக்கு அதைச் சொந்தமாக நாலு பக்கத்தில் எழுதி, மேலே ‘நேர்வுரை’ என்று போட்டுக் கொடுக்கப் போகிறேன். அந்த முன்வரிசைப் பையனின் தம்பி இப்போது முதலாண்டில் இருக்கிறான். அவன் என்ன கேட்கிறான் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.