அவசரம்!! ஒல்லி கையெழுத்து ஃபாண்ட், தமிழ் மட்டும் வேற மாதிரி வருது

ஜில்ஜில்_மதுரை: நாளைக்கு மெனு போர்டு பிரிண்டுக்குப் போகணும். ஒல்லியா, விளையாட்டா கையால எழுதின மாதிரி ஒரு ஃபாண்ட் இறக்கினேன். இங்கிலீஷ் சூப்பர். தமிழ் அடிச்சா தடியா வேற எழுத்து. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

அச்சுமை: எந்த ஃபாண்ட்? எந்த சாஃப்ட்வேர்? போனா, கம்ப்யூட்டரா?

குறில்நெடில்: பாமினிங்கிற பழைய தமிழ் ஃபாண்டுக்கான கீபோர்டுல அடிக்கிறீங்க. நூறு சதவீதம் அதான். ஒவ்வொரு எழுத்துக்கும் பொதுவா ஒரு எண் குடுக்கிற யூனிகோடு முறைக்கு மாத்துங்க.

கோடுகிழவன்: பாமினின்னா எழுத்தே கன்னாபின்னான்னு வரும், தடியா வராது. கேள்வியப் படிச்சிட்டுப் பதில் போடலாம். ஃபாண்ட் பேரு சொல்லாம உதவி கேக்குறவங்களுக்கு இங்க நான் பதில் சொல்றதே இல்ல.

அச்சுமை: இப்பச் சொல்லிட்டீங்களே அண்ணே.

ஜில்ஜில்_மதுரை: ஸாரி. அமாட்டிக் எஸ்சி. வேர்ட்ல. போர்டு 2 அடி அகலம், 26 ஐட்டம். நன்னாரி சர்பத், அன்னாசி ஜூஸ், வேர்க்கடலை மில்க்‌ஷேக்னு எல்லாம் நீளப் பேரு. அதான் ஒல்லியா தேடுறேன்.

அச்சுமை: அமாட்டிக்ல தமிழ் எழுத்தே கிடையாதுங்க. வெர்னான் ஆடம்ஸ் பண்ணினது. ஆங்கிலம், சிரிலிக் (ரஷ்ய எழுத்து), ஹீப்ரு இருக்கு. இல்லாத எழுத்துக்கு விண்டோஸ் தன்கிட்ட இருக்கிற நிர்மலா யுஐ மாதிரி ஒரு தமிழ் ஃபாண்டைப் போட்டுக்கும். அந்தத் தடி எழுத்து அதுதான். கவிவனார் பாருங்க, கூகுள் ஃபாண்ட்ஸ்ல இலவசம், இலங்கைக்காரர் தாரிக் அஸீஸ் வடிவமைச்சது. சாஞ்ச கையெழுத்து. அமாட்டிக் அளவுக்கு ஒல்லி இல்ல, ஆனா பக்கத்துல வச்சா உறுத்தாது. இங்கிலீஷுக்கு அமாட்டிக் போல்டு போடுங்க, சாதா போட்டா ரோட்டுலருந்து கண்ணுக்கே தெரியாது.

குறில்நெடில்: எதுக்குப் புது ஃபாண்ட்? இருக்கிறதையே 60 சதவீதத்துக்கு நசுக்குங்க.

கோடுகிழவன்: பண்ணாதீங்க. அகலத்த மட்டும் நசுக்கினா நிமிர்ந்த கோடு மெலிஞ்சிரும், படுத்த கோடு அப்படியே நிக்கும். எழுத்து சீக்கு வந்த மாதிரி ஆயிரும். லை-ய மேல தும்பிக்கை வச்சும், னா-வ கால் இல்லாம சுழிச்சு ஒரே எழுத்தாவும் எழுதின பழைய காலத்துல இந்தத் தொல்லையே இல்ல. நன்னாரிக்குத் தனியா ஒரு கால் வேண்டாம்.

குறில்நெடில்: தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்துல அத 1978-லயே மாத்தியாச்சு. கடைக்கு வர்ற காலேஜ் பசங்க அத வாசிப்பாங்களா?

கோடுகிழவன்: எங்க தெருவுல பெயிண்டர் 90-கள் வரைக்கும் அப்படித்தான் எழுதினாரு. ஒரு பய வாசிக்கத் தெரியாம நிக்கல.

அச்சுமை: அந்தப் பழைய வடிவங்களுக்கு யூனிகோடுல தனி எண்ணே இல்ல. ஃபாண்டுக்குள்ள வச்சிருந்தாத்தான் வரும். அவருக்கு நாளைக்கு பிரிண்ட், விடுங்க. தம்பி, ரெண்டு பத்தியா பிரிக்காதீங்க, பேரு சின்னதாயிரும். விலைய அடுத்த வரில போடுங்க, பாதி அகலம் மிச்சம். வரி இடைவெளி கொஞ்சம் தாராளமா வைங்க, இல்லேன்னா மேல் வரி ஜூ-வோட வால் கீழ் வரி சர்பத்தோட புள்ளில இடிக்கும்.

கோடுகிழவன்: கையாலயே எழுதி ஸ்கேன் பண்ணா முடிஞ்சது கதை. 26 ஐட்டம், ஒரு மணி நேரம்.

ஜில்ஜில்_மதுரை: என் கையெழுத்த நீங்க பாத்ததில்ல. கவிவனார் போட்டு அனுப்பியாச்சு, நன்றி. அன்னாசியத் தூக்கிட்டேன்.

குறில்நெடில்: அன்னாசி என்னய்யா பண்ணுச்சு?

ரோஸ்மில்க்2: எனக்கும் இதே பிரச்சினை, போன்ல. யாராவது இருக்கீங்களா?

அச்சுமை: எந்த ஃபாண்ட்? எந்த ஆப்?