செங்கல் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

நாகமலைவாசி:
நாகமலை புதுக்கோட்டையில் அப்பா 1994-இல் கட்டிய வீடு. வெளிச்சுவர் முழுவதும் பூசாத நாட்டுச் செங்கல், இடையில் சிமென்ட் பாயிண்டிங். இப்போது மேற்குச் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருக்கிறது. சில கற்கள் விரல் பட்டாலே மாவாக உதிர்கின்றன. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். ஐப்பசி மழைக்கு முன் எமல்ஷன் அடித்துவிடலாம் என்கிறார் பெயிண்டர். அம்மாவுக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

மேலமாசிக்காரன்:
யோசிக்கவே வேண்டாம், அடித்துவிடுங்கள். நாட்டுச் செங்கல் மழைநீரை அப்படியே குடிக்கும். மேற்குச் சுவர் மாலை வெயிலை முழுக்க வாங்குகிறது. வெளிர் நிறம் அடித்தால் சுவர் அந்த அளவுக்குச் சூடேறாது. மதுரை வெயிலில் இது சின்ன விஷயமா? கல்யாண வீடும் பளிச்சென்று இருக்கும்.

சாந்துக்கரண்டி:
தம்பி, அவசரப்படாதீர்கள். இடுப்பளவோடு நிற்கும் ஓதம், அதாவது சுவரில் ஊறிய ஈரம், மழையால் வந்ததல்ல, தரையிலிருந்து ஏறுவது. ஈரம் சுவர் வழியே வெளியேறும்போது தன்னில் கரைந்த உப்பைக் கல்லின் முகத்தில் விட்டுவிட்டு ஆவியாகிறது. எமல்ஷன் அடித்தால் அந்த வழி அடைபடும். உப்பு பெயிண்டுக்குப் பின்னால் சேர்ந்து பொரியும். உரியும்போது கல்லின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு வரும். சூளையில் வெந்து இறுகிய அந்தத் தோல் போனால் உள்ளே இருப்பது மெத்தென்ற கல். பிறகு சுரண்டினாலும் பழைய செங்கல் முகம் திரும்பாது. இந்த வேலையிலேயே இருப்பவன், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மேலமாசிக்காரன்:
அப்படியென்றால் செங்கல்லை மூடவே கூடாதா? 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகால் செங்கல் கட்டடம்தானே? மேலே பூச்சும் சுதை வேலையும் இருப்பதால்தான் இன்றும் நிற்கிறது.

வைகைக்கரை:
கீழடியில் ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட செங்கல் சுவர்களைப் பார்த்தேன். பெயிண்டா அவற்றைக் காப்பாற்றியது?

மேலமாசிக்காரன்:
அக்கா, அவை மண்ணுக்குள் புதைந்து கிடந்தவை. வெயிலும் மழையும் படும் சுவரோடு அவற்றை ஒப்பிட முடியாது.

சாந்துக்கரண்டி:
கீழடி பற்றி மேலமாசிக்காரர் சொல்வது நியாயம். ஆனால் மகாலில் பூசியது சுண்ணாம்பு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகும், நுண்துளைகளை அடைக்காது, ஈரம் வெளியேறும். எமல்ஷன் பிளாஸ்டிக் படலம். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் சுண்ணாம்பு அடிக்கலாம், அதுவும் ஓதம் நின்ற பிறகு. நாகமலைத் தம்பி, அந்தச் சுவரை ஒட்டி என்ன இருக்கிறது?

நாகமலைவாசி:
செம்பருத்தியும் கறிவேப்பிலையும் வைத்த பாத்தி. அம்மா காலையும் மாலையும் போர் தண்ணீர் ஊற்றுவார். வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர்.

சாந்துக்கரண்டி:
பிறகென்ன! பாத்தியைச் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளுங்கள். மண்ணை வெளிப்பக்கம் சரிவாக ஒதுக்குங்கள். உப்பைக் காய்ந்த நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். உதிர்ந்த கல்லை மட்டும் பெயர்த்து, சிமென்ட் குறைத்த கலவையில் புதுக்கல் வையுங்கள்.

மேலமாசிக்காரன்:
பாத்தியைத் தள்ளட்டும், மறுக்கவில்லை. ஆனால் தைக்குள் சுவர் காயாது, நடுவில் மழைக்காலம். சுண்ணாம்பு அடித்தாலும் உரசுகிற பட்டுப்புடவையில் எல்லாம் ஒட்டும், சில வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். அதற்கு ஆள் எங்கே கிடைக்கிறார்கள்? சுவர் காய்ந்ததும் எமல்ஷன் என்பதே என் கருத்து.

நாகமலைவாசி:
புடவையில் ஒட்டும் என்பது உண்மை. ஆகவே கல்யாணத்துக்கு முன் சுண்ணாம்பும் இல்லை, எமல்ஷனும் இல்லை. கிரில், கதவு, காம்பவுண்ட் சுவர் மட்டும் பெயிண்டரிடம் விடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை பாத்தியை மாற்றுகிறேன், அம்மா சம்மதித்துவிட்டார். அண்ணன், உதிர்ந்த கல்லுக்குப் பதிலாகச் சேம்பர் சூளையில் சுட்ட செங்கல் சரிவருமா?

சாந்துக்கரண்டி:
வேண்டாம், அளவும் நிறமும் ஒத்துவராது. பழைய வீடு இடிக்கும் இடத்தில் நாட்டுச் செங்கல் கேளுங்கள். தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கல்லாகப் பொறுக்கி எடுங்கள்.