குவார்டெட் ஒலிப்பதிவில் கேட்பது வாசிப்பையா, மைக்கையா?

கேள்வி

பேத்தோவன் 1825இல் இயற்றிய ஏ மைனர் குவார்டெட்டின் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என நால்வர் வாசிக்கும் படைப்பு; ஓபஸ், அதாவது படைப்பு எண், 132) மூன்றாம் பகுதியை, நோயிலிருந்து மீண்டவனின் நன்றிப்பாடல் என்று அவரே தலைப்பிட்ட பகுதியை, இரண்டு பதிவுகளில் மாறி மாறிக் கேட்டு வருகிறேன். ஒன்று, அடால்ஃப் புஷ் முதல் வயலின் வாசித்த புஷ் குவார்டெட் குழு 1937இல் பதிவுசெய்தது. மற்றொன்று அண்மைக் கால டிஜிட்டல் பதிவு. பழையதில் நால்வரும் ஒரே மூச்சில் வாசிப்பதாகத் தோன்றுகிறது. புதியதில் வில் தந்தியில் உரசுவதும் வாசிப்பவர் மூச்சை இழுப்பதும்கூடக் கேட்கின்றன. ஆனால் நான்கு குரல்களும் கலக்கவில்லை, வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுடைய வயோலா அடிக்கடி காணாமல் போகிறது. இந்த வேறுபாட்டில் எது வாசிப்பவர்களுடையது, எது பதிவு செய்தவருடையது? 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடமே அடங்கும் என்பதால் அக்காலத்தவர் வேகத்தைக் கூட்டினார்கள் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் பழைய பதிவுகளின் காலப்பிரமாணத்தை நம்பலாமா?

மறுமொழி 1

ஒலிப்பதிவுத் துறையில் இருப்பவன் என்பதால் மைக்கின் பக்கத்தைச் சொல்கிறேன். வயலினின் ஒலி பெரும்பாலும் மேல்நோக்கி எழும். செல்லோவின் முகம் கேட்பவரைப் பார்த்தே இருக்கும். வயோலா வாசிப்பவர் வலது ஓரத்தில் அமர்ந்தால் கருவியின் முகம் அரங்கின் பின்பக்கம் திரும்பிவிடும். ஆகவே வயோலா மங்குவதற்கு வாசிப்பவர் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தலைக்கு மேலே ஒரு ஜோடி மைக் வைத்தால் நால்வரின் ஒலியும் காற்றிலேயே கலந்து வந்து சேரும். ஒவ்வொருவருக்கும் அருகே தனி மைக் வைத்தால் கலக்கும் பொறுப்பு ஒலிக்கலவை மேசையில் இருப்பவரின் விரலுக்குப் போய்விடுகிறது. ஒருமுறை நான் உட்குரல் ஒன்றைச் சற்றே உயர்த்தியிருந்தேன். திரும்பக் கேட்ட வயோலா கலைஞர், "நான் அதை மறைத்து வாசித்தேன், நீங்கள் வெளியே இழுத்துவிட்டீர்கள்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. உடனே பழைய நிலைக்கே இறக்கினேன்.

என் அனுபவத்தில், சத்தத்தின் அளவையும் குரல்களின் சமநிலையையும் பதிவிலிருந்து முடிவுசெய்யக் கூடாது. சுருதி, காலம், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு விரல் வழுக்கிச் செல்லும் விதம், வில்லைத் திருப்பும் கணம் ஆகியவற்றை மைக் எளிதில் மாற்ற முடியாது. "ஒரே மூச்சு" என்று நீங்கள் உணர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெழுகில் நேரடியாக வெட்டப்பட்ட அந்தப் பக்கங்களில் ஒட்டுவேலைக்கு வழியில்லை. பிழை நேர்ந்தால் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். டேப் (காந்த நாடா) வந்தபின் ஒரு பகுதியைப் பல முயற்சிகளிலிருந்து தைத்து எடுக்க முடிந்தது.

மறுமொழி 2

குவார்டெட்டில் வயோலா வாசிப்பவள் நான். வேகம் பற்றிய வாதத்தை இந்தப் பதிவே மறுக்கிறது: பல பக்கங்களாக உடைக்க வேண்டியிருந்தும் புஷ் குழு இந்தப் பகுதியை மிக நிதானமாகவே எடுத்துச் செல்கிறது. தட்டின் நீளம் சில பதிவுகளை அவசரப்படுத்தியிருக்கலாம். ஆனால் அதை எல்லாவற்றுக்கும் பொதுவாக்குவது தவறு. தம் முந்தைய குவார்டெட்டுகளுக்கு மெட்ரோனோம் எண்களை (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று வேகத்தைக் குறிப்பவை) வெளியிட்ட பேத்தோவன் கடைசிக் குவார்டெட்டுகளுக்கு எதையும் தரவில்லை. இங்கே 'மோல்டோ அடாஜியோ' (மிக மெதுவாக) என்ற சொல்லும் வில்லின் நீளமும்தான் நமக்கு வழிகாட்டிகள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது சுருதி. செல்லோவின் அடித்தந்தி சி என்ற சுரம். வயலினின் மேல்தந்தி ஈ என்ற சுரம். இடையிலுள்ள ஐந்தாம் சுர இடைவெளிகளைத் துல்லியமாகச் சேர்த்துக்கொண்டே போனால், அரைச்சுரத்தை நூறு பங்காக வைத்துப் பார்க்கும்போது, அந்த ஈ, சி-யோடு தூய இசைவு தரும் ஈ-யைவிட ஏறத்தாழ 22 பங்கு ஏறி நிற்கும். அதனால் பல குழுக்கள் ஐந்தாம் இடைவெளிகளைச் சற்றே குறுக்கிச் சுருதி கூட்டுகின்றன. இந்த நன்றிப்பாடலின் தொடக்கத்தை விப்ராட்டோ (விரலை அசைத்துச் சுரத்தை அதிரச் செய்வது) இல்லாமல் வாசித்தால் இத்தகைய சிறு வேறுபாடுகள் மறைய இடமில்லை. எங்கள் ஒத்திகையில் அந்த முதல் ஐந்து வரிகளுக்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் போனது.

மறுமொழி 3

புதிய பதிவை மோனோவாக (இடம், வலம் பிரியாத ஒற்றை ஒலியாக) மாற்றி, ஒலியைக் குறைத்து, பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அகலம் நீங்கினால் கவனம் காலத்துக்கும் சுருதிக்கும் போகும்.

கேட்டவர்

நன்றி. மோனோவாக்கிக் கேட்டேன். புதிய குழுவினரும் ஒரே கணத்தில்தான் வில்லைத் திருப்புகிறார்கள். கலக்கவில்லை என்று நான் எண்ணியதில் பெரும்பகுதி மைக்கின் அருகாமையே. வயோலாவும் திரும்பி வந்தது. ஆனால் முதல் வயலின் மேலே ஏறும் இடங்களில் புஷ்ஷின் விரல் மெல்ல வழுக்கிச் சென்று சுரத்தை அடைகிறது. புதியவர் அதே இடங்களில் நேராகத் தொடுகிறார். அந்த வேறுபாடு மட்டும் அப்படியே நின்றது.