ரோட்டோரச் சாமி, மலை உச்சிச் சிலுவை, பொது இடம்: நேர்ல பட்டத சொல்லுங்க (அனுபவப் பகிர்வு)

ஓவர்சியர்_ரிட்டயர்டு:

வணக்கம் மக்களே. 31 வருஷம் ரோடு வேலை பாத்துட்டு ரிட்டயர் ஆனவன். எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன், சொன்னா அந்தத் தெருக்காரங்க இன்னிக்கும் சண்டைக்கு வருவாங்க. பொது இடத்துல சாமி இருக்கலாமா சிலுவை இருக்கலாமான்னு டிவில நாலு பேரு உக்காந்து கத்திட்டு இருக்காங்க, அதுல ஒருத்தராச்சும் ஒரு சாமிய கையால தூக்கி எடம் மாத்தி வச்சிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம். நான் வச்சிருக்கேன். அதான் இந்தத் திரி. கட்சி பேச வேணாம், நேர்ல பாத்தது பட்டது மட்டும் எழுதுங்க.

ரோட்டோரக் கோயில் ஒரே நாள்ல மொளைக்காதுங்க. மொதல்ல ஒரு வேப்பமரம். யாரோ மஞ்சத்துணி சுத்துவாங்க. ஆறு மாசத்துல அடில ஒரு கல்லு, அதுல குங்குமம். ஆடி வந்தா கூழ் ஊத்த ஒரு கீத்துக்கொட்டா, கொட்டா மழைல நனையுதுன்னு தகரம், அப்பறம் டைல்ஸு, கிரில் கேட்டு, பூட்டு, கடைசில உண்டியல். உண்டியல் வந்துருச்சுன்னா அவ்ளோதான், அதுக்கப்பறம் அது சாமி விஷயம் இல்ல, கமிட்டி விஷயம். மஞ்சத்துணில நிறுத்தியிருந்தா ஒரு கான்ஸ்டபிள் போதும், உண்டியலுக்கு அப்பறம் கலெக்டரே வந்தாலும் பீஸ் கமிட்டி மீட்டிங்தான்.

2009 செப்டம்பர் 29-ல சுப்ரீம் கோர்ட்டு ஒரு இடைக்கால உத்தரவு போட்டுச்சு, இனிமே பொது ரோடு, பார்க்கு, பொது இடம் எதுலயும் கோயிலு, சர்ச்சு, மசூதி, குருத்வாரான்னு எந்தப் பேர்லயும் அனுமதி இல்லாம கட்ட விடக்கூடாது, ஏற்கனவே இருக்கறத ஒண்ணொண்ணா பாத்து மாநில அரசுங்க முடிவெடுக்கணும்னு. 2006-ல குஜராத் பக்கம் ஆரம்பிச்ச கேஸு அது. லிஸ்ட் எடுக்கற வேலை எங்க தலைல விழுந்துச்சு. நானும் சர்வேயரும் செயின புடிச்சிட்டு தெருத்தெருவா நடந்தோம். எங்க லிமிட்ல ஒரு ரோட்டுல மூணு இருந்துச்சு, ஒரு அம்மன் கோயில், ஒரு மாதா கெபி (குகை மாதிரி கட்டி மாதா சிலை வச்சது), முஸ்லிம் மக்களோட ஒரு பச்சைக் கொடிமரம். மூணும் ஸ்கெட்ச்சுபடி ரோடு புறம்போக்குல. நோட்டீஸ் குடுத்தோம், மூணு தரப்புலேந்தும் மனு வந்துச்சு. மூணு மனுவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சேன், எதுலயும் எங்க சாமி இங்க ஏன் இருக்கணும்னு ஒரு வரி இல்ல, மூணுலயும் மொத வரியே மத்த ரெண்டையும் மொதல்ல எடுத்துட்டு வாங்கன்னுதான்.

மீதிய அப்பறம் எழுதறேன், பேரன் ஸ்கூல் வேன் வந்துருச்சு.

வீல்சேர்_அம்மாவோட_மகன்:

சார் நான் சாமிய எதுவும் சொல்லல, வெள்ளிக்கிழமை நானும் அங்கதான் நின்னு கும்பிடறேன். ஆனா எங்கம்மாவ டயாலிசிஸ்க்கு வாரம் மூணு நாள் தள்ளிட்டுப் போறேன், ஆஸ்பத்திரிக்கு 400 மீட்டர்தான், அதுல நடைபாதைய விட்டு ரோட்டுல இறங்க வேண்டிய எடம் அஞ்சு. ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், ஒரு செருப்புக்கடை, ரெண்டு கொடிக்கம்பம், ஒரு பிள்ளையார். ஒவ்வொரு தடவையும் பிள்ளையார் கிட்ட இறங்கும்போது மட்டும் அம்மா கன்னத்துல போட்டுக்கும், பின்னாடி பஸ்ஸு ஹார்ன் அடிக்கும். எனக்கு அந்த நேரம் கோவம் வரணுமா பக்தி வரணுமான்னே தெரியாது.

லா_ஹோயா_வாசி:

நான் அமெரிக்காவுல சான்டியாகோ. இங்க மவுண்ட் சோலடாட்னு ஒரு குன்று இருக்கு, உச்சில பீடத்தோட சேத்து 43 அடில ஒரு சிலுவை, கீழ ஃப்ரீவேல போகும்போதே தெரியும். அப்பா தஞ்சாவூர்லேந்து வந்திருந்தப்ப கூட்டிட்டுப் போனேன். மேல போனதும் செருப்ப கழட்டப் போனார், அப்பா இது கோயில் இல்ல, பட்டாளத்துக்காரங்க நினைவிடம்னு சொன்னேன், சுத்தி சுவர் சுவரா கருப்பு கிரானைட் பலகைங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு சிப்பாய் பேரு, படம். அப்ப எதுக்குடா நடுவுல சிலுவைன்னார். அதான்ப்பா கேஸேன்னு கதைய ஆரம்பிச்சேன்.

1913-லேந்தே அங்க ஒண்ணு மாத்தி ஒண்ணா சிலுவை இருந்திருக்கு, இப்ப இருக்கறது 1954-ல வச்சது. நிலம் சிட்டிது. 1989-ல வியட்நாம் போருக்குப் போய்ட்டு வந்த ஒரு சிப்பாயே, கடவுள் நம்பிக்கை இல்லாதவர், நகராட்சி நிலத்துல ஒரு மதத்து சின்னம் மட்டும் எப்பிடின்னு கேஸ் போட்டார். 1991-ல ஜட்ஜு அவர் பக்கம் தீர்ப்பு சொல்லியாச்சு, எடுக்கணும்னு. எடுத்தாங்களா? அப்பீலு, நிலத்த விக்கறேன்னாங்க, அந்த விற்பனையே தப்புன்னு இன்னொரு தீர்ப்பு, ஓட்டெடுப்பு, 2006-ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு நிலத்தையே மத்திய அரசு எடுத்துக்கிச்சு, அந்த வருஷமே கேஸ் போட்டவரும் இறந்துட்டார். 2011-ல அப்பீல் கோர்ட்டு மறுபடி இது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னுச்சு. கடைசில 2015-ல அந்த நினைவிடத்த பாத்துக்கற சங்கத்துக்கே 14 லட்சம் டாலருக்கு நிலத்த வித்துட்டாங்க, 2016-ல கேஸ் மூடியாச்சு. சிலுவை ஒரு இன்ச்சு நகரல, அடில இருந்த மண்ணு மட்டும் ஓனர் மாறிடுச்சு.

அப்பா ரிட்டயர்டு விஏஓ. எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே வார்த்தை, 'அட, பட்டா மாத்திருக்கான்டா.' அன்னிக்கு ராத்திரி போன்ல அம்மாகிட்ட சொல்லிச் சொல்லி சிரிச்சார், இதுக்கு வெள்ளக்காரனுக்கு 27 வருஷம் ஆயிருக்குன்னு.

மேரிலாண்ட் பக்கம் பிளேடன்ஸ்பர்க்னு ஒரு ஊர்ல இன்னொரு சிலுவை, 40 அடி, மொதல் உலகப் போர்ல செத்த 49 பேருக்கு 1925-ல வச்சது, ரோடு சந்திப்புல அரசு நிலத்துலதான் நிக்குது. அது சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் 2019-ல ஏழுக்கு ரெண்டுன்னு இருக்கட்டும்னு தீர்ப்பாச்சு. ரொம்ப நாளா நின்னுட்டதால அதுக்கு இப்ப வேற அர்த்தமும் சேந்துருச்சு, எடுத்தா அதுவே மதத்துக்கு விரோதமா தெரியும்ங்கற மாதிரி வாதம். எனக்கு இதுல ஒரு உறுத்தல் இருக்கு. பழசுன்னா விடலாம்னா, வைக்கறவன் வச்சுட்டு காத்திருந்தா போதுமே. ஓவர்சியர் சார் சொன்ன மஞ்சத்துணி கதைதான், என்ன, இங்க கான்கிரீட்டு.

கிள்ளான்_பையன்:

இங்க மலேசியாவுல கத வேற மாதிரி சார். நீங்க ஆக்கிரமிச்ச சாமிய பத்தி பேசறீங்க, எங்க சாமிய சுத்தி நெலம் கைமாறிப் போச்சு. எங்க தாத்தா கித்தா மரம், அதான் ரப்பர் மரம், வெட்டுனவரு. தோட்டத்துல வெள்ளக்கார தொர வாய் வார்த்தையா சரின்னு சொன்னாரு, ஆளுங்க சேந்து மாரியம்மன் கோயில் கட்டுனாங்க. அப்ப யாருக்கு கெரான், அதான் நெலப் பத்திரம், எடுக்கணும்னு தெரியும்? அப்பறம் தோட்டத்த கம்பெனி வாங்குச்சு, கம்பெனிகிட்டேந்து டெவலப்பர் வாங்குனான், வீடு கட்டுனான், ஒருநாள் காலைல பாத்தா நூறு வருஷக் கோயில் 'குயில் ஹராம்'. சட்டவிரோதக் கோயில்னு மலாய்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க, அந்த வார்த்தைய கேக்கறப்பல்லாம் எங்கம்மாவுக்கு கண்ணு கலங்கிரும், அவங்க கல்யாணம் அங்கதான் நடந்துச்சு.

2007-ல ஷா ஆலம் பக்கம் பாடாங் ஜாவாவுல தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி மாரியம்மன் கோயில ஒடச்சாங்க. அந்த நவம்பர் 25-ல கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, இந்துக்கள் உரிமைக்காகப் போராடுன ஹிண்ட்ராஃப் அமைப்போட ஊர்வலம். எங்கப்பா போனாரு, கண்ணு எரிய எரிய வீட்டுக்கு வந்தாரு, ரெண்டு நாள் கண்ணீர்ப்புகை வாடை சட்டைலேந்து போகல, அம்மா தொவைக்காம அப்பிடியே மடிச்சு வச்சிருக்காங்க. 2025-ல மஸ்ஜித் இந்தியா கிட்ட பத்ரகாளியம்மன் கோயில் பிரச்சன பெருசா வந்துச்சு, 130 வருஷக் கோயிலுன்னு சொல்றது, நெலத்த சிட்டி ஹால் 2014-லயே துணிக்கடைக் கம்பெனிக்கு வித்துருச்சு, அவங்க மசூதி கட்டப் போறாங்க. கடைசில கிட்டத்தட்ட 50 மீட்டர் தள்ளி எடம் குடுத்து பேசி முடிச்சாங்க. எங்க வீட்டுலயே ரெண்டு கட்சி. அப்பா, ஒடைக்காம பேசுனாங்கல்ல அதுவே பெருசுங்கறாரு. தங்கச்சி, ஏன் எப்பவும் நாமளே நகரணும்ங்கறா. சாப்பாட்டு மேசைல இன்னும் முடியல.

ஒரே_கேள்வி:

எல்லாம் சரி, ரோட்ட மறிச்சு கட்சிக்காரன் மேடை போட்டா மட்டும் யாரும் பேச மாட்டீங்களே? சாமின்னா மட்டும் சட்டம் ஞாபகம் வருதா?

ஓவர்சியர்_ரிட்டயர்டு:

தம்பி, கொடிக்கம்பத்தையும் எடுக்கச் சொல்லி 2025 ஜனவரில மதுரை பெஞ்ச் உத்தரவு போட்டுச்சு, கட்சி, சாதி, மதம்னு எந்தக் கொடியா இருந்தாலும் பொது இடத்துல கூடாதுன்னு. சாமியே ஆக்கிரமிச்சாலும் எடுக்கச் சொல்லுவோம்ங்கற அர்த்தத்துல 2022-ல நாமக்கல் கோயில் கேஸ்ல ஹைகோர்ட்டு சொன்னதும் இருக்கு. பேச்சுக்குக் கொறச்சல் இல்ல. நீங்களும் எதாச்சும் நேர்ல பட்டத எழுதுங்க.

கிளார்க்_அக்கா:

என்னோடது சின்ன அனுபவம். 1968-ல அண்ணா முதலமைச்சரா இருந்தப்பவே அரசு ஆபீஸ்ல சாமி படங்கள படிப்படியா எடுத்துரணும்னு உத்தரவு. எங்க ஆபீஸ்ல சுவத்துல ஒரு படம் கெடையாது, பீரோ கதவத் தொறந்தா உள்பக்கம் முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, நாகூர் தர்கா காலண்டர் எல்லாம் ஒட்டியிருக்கும். காலைல ஃபைல் எடுக்கற சாக்குல தொறந்து ஒரு நிமிஷம் நிப்போம். கதவ மூடுனா மதச்சார்பின்மை, தொறந்தா தரிசனம்.

லாசப்பல்_அக்கா:

நான் பாரிஸில இருக்கிறன். இஞ்ச 1905-ல கொண்டு வந்த சட்டம் ஒண்டு, அதில 28-வது பிரிவு, பொது இடத்தில மதச் சின்னம் புதுசா நிறுவ ஏலாது, கோயில், சவக்காலை, மியூசியம் போலச் சில இடங்கள் தவிர. பிரெத்தான் பக்கம் ப்ளோர்மெல் எண்ட ஊரில பாப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுலின்ர சிலைக்கு மேல ஒரு சிலுவை இருந்தது, 2017-ல பெரிய கோர்ட்டு சொல்லிப்போட்டுது, சிலை நிக்கலாம், சிலுவை நிக்க ஏலாதெண்டு. எங்கட கன்டீனில அதைப் பற்றி ஒரே கதை.

அப்ப என்னோட வேலை செய்யிற பிரெஞ்சுக்காரி கேட்டாள், எங்கட சிலுவைக்கு இடமில்லை, உங்கட பிள்ளையார் மட்டும் ஆவணி மாசம் தமிழ்க் கடைகள் இருக்கிற லாசப்பல் முழுக்கத் தேரில சுத்துறாரே எப்பிடியெண்டு. நியாயமான கேள்வி. தேர் பாத்த ஆக்களுக்குத் தெரியும், றோட்டில குவிச்சு வச்சுத் தேங்காய் அடிக்கிறது, இளநி வெள்ளம் வாய்க்கால் மாதிரி ஓடும், பின்னேரம் நகரசபை ஆக்கள் வந்து கழுவினால் அடுத்த நாள் ஒரு சிரட்டைத் துண்டும் இராது. நான் சொன்னன், அவர் வாறார், போறார், நிக்கிறேல்லை. அவள் யோசிச்சுப்போட்டு ஓமெண்டாள்.

ஆனா அதைச் சொல்லேக்க எனக்கு ஞாபகம் வந்தது வேற. நான் திருகோணமலை. 2005 வைகாசி, ஒரு இரவு விடிய பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட புத்தர் சிலை இருக்குது. முதல் நாள் பின்னேரம் அதால நடந்து ரியூசனுக்குப் போன ஆள் நான், அப்ப ஒண்டும் இல்லை. பிறகு கர்த்தால், கடையெல்லாம் பூட்டு, சிலையைச் சுத்தி முள்ளுக்கம்பி, துவக்கோட காவல். புத்தரில எனக்கென்ன கோவம்? அம்மம்மா வீட்டு ஷோகேசில ஒரு சின்னப் புத்தர் இருந்தவர், கண்டியில வாங்கினது. அந்தப் புத்தரைப் பாத்து நாங்கள் ஒருநாளும் பயப்பிடேல்லை. பஸ் ஸ்டாண்டுப் புத்தரைக் கடக்கேக்க மட்டும் தலையைக் குனிஞ்சு கெதியா நடப்பம். கன்டீன்காரிக்கு இதை எந்தப் பாஷையில சொல்லுறது எண்டு தெரியேல்லை, விட்டிட்டன்.

ஓவர்சியர்_ரிட்டயர்டு:

அக்கா, உங்க பதிவ மூணு தடவ படிச்சேன்.

சரி என் மீதிக் கதை. அந்த அம்மன் கோயிலுக்கு வெளக்கேத்தறது ஒரு வயசான அம்மா, பூக்காரம்மா. கமிட்டி ஆளுங்க ஸ்டே வாங்கப் போறோம், தீக்குளிப்போம்னு சத்தம் போட்டுட்டு இருந்தாங்க, அந்தம்மா மட்டும் என்னைத் தனியா கூப்ட்டு, 'சாரு, எடுக்கறதுன்னா எடுத்துக்க, எம்புள்ளைய அந்த மஞ்ச மிசினு மட்டும் தொடக்கூடாது'ன்னுச்சு. ஜேசிபிய சொல்லுது. சரின்னேன். அறுபது அடி தள்ளி ஒரு வீட்டுக்காரர் காம்பவுண்டு ஓரமா அவரோட சொந்த நெலத்துலயே எடம் குடுத்தார். குருக்கள் வந்து பாலாலயம் பண்ணி சக்திய கலசத்துக்கு எறக்கியாச்சு, இப்ப அது வெறும் கல்லுதான் தூக்கலாம்னார். தூக்க யாரும் வரல. கூலி ஆளுங்க பத்தடி தள்ளி நிக்கறாங்க. நானும் சர்வேயரும் சட்டையக் கழட்டிட்டு எறங்குனோம்.

கல்ல கட்டிப்புடிச்சு ஆட்டுனா எண்ணெயும் மஞ்சளும் அரை இன்ச்சுக்கு அடை மாதிரி பேந்து விழுது. பேந்த எடத்துல உளியால வெட்டுன கோடு தெரிஞ்சுது. சர்வேயர் கட்ட விரலால தேச்சார். எண்ணு. 7. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அது எங்க டிபார்ட்மெண்டு கல்லு சார், பழைய மைல்கல்லு. ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புன்னு ஏழு மாசம் நோட்டீஸ் மேல நோட்டீஸா அடிச்சோம், அங்க மொதல்ல நட்டது நாங்கதான். சர்வேயர் ஒண்ணும் பேசல, கீழ கெடந்த மஞ்சள அள்ளி அந்த 7 மேல அப்பிட்டார். அந்தம்மாகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல, ஃபைல்லயும் எழுதல.

கெபிய பங்குச் சாமியார் பேசி சர்ச்சு வளாகத்துக்குள்ளயே எடுத்துக்கிட்டார், ஒரு ஞாயித்துக்கிழமைல முடிஞ்சுது. கொடிமரம் மட்டும் எனக்கு ட்ரான்ஸ்ஃபர் வர்ற வரைக்கும் இழுத்துச்சு.

லா_ஹோயா_வாசி:

சார் அந்தக் கல்லு இப்ப எப்பிடி இருக்கு? பழைய எடத்துல என்ன இருக்கு?

ஓவர்சியர்_ரிட்டயர்டு:

போன தை மாசம் போயிருந்தேன். கல்லு நல்லாருக்கு, வெள்ளிக் கவசம் போட்ருக்காங்க, 7 இருக்கற பக்கம் சுவத்தப் பாத்து இருக்கு. அந்தம்மா இல்ல, மருமகதான் வெளக்கேத்துது. பழைய எடத்துல ஒரு டீக்கடை தள்ளுவண்டி, நடைபாதைய முழுசா அடைச்சு நிக்குது, மேல ஷீட்டு, கீழ ரெண்டு பெஞ்சு, சக்கரம் நாலுலயும் காத்து இல்ல. நான் ஒண்ணும் கேக்கல, ரிட்டயர்டு ஆளு. டீ குடிச்சேன். இஞ்சி நல்லாத் தட்டிப் போடறான்.